பாசி ஏன் வெளுக்கிறது?

சுருளிப்பட்டிப் பகுதித் திராட்சை விவசாயிகளுக்காக வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய வானொலி உரை



கவாத்து முடிந்து துளிர் எட்டிப் பார்க்கிற சமயத்தில் உரக்கடைக்குப் போனீங்கன்னா, கடைக்காரர் பூச்சிமருந்தோடு ஒரு பாட்டிலையும் எடுத்து வைப்பார். "கடல்பாசி திரவம், அடிச்சுப் பாருங்க, குலை சும்மா திரட்டிக்கிட்டு வரும்" என்பார். வாங்கி அடித்தவர்களில் ஒருத்தர் பலன் இருக்கு என்கிறார். இன்னொருத்தர் காசு கரியாப் போச்சு என்கிறார். இது மருந்தா, உரமா, டானிக்கா? என்னிடம் அடிக்கடி கேட்கப்படுகிற கேள்வி இது.

பாட்டிலைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அந்தப் பாசியைப் பற்றி இன்றைக்குக் கொஞ்சம் சொல்ல நினைக்கிறேன். அதுவும் நம்ம கொடி மாதிரி வெயிலில் சமையல் செய்து பிழைக்கிற ஒரு பயிர்தான். சிலருக்கு அதுவே பிழைப்பு. அது எப்படிச் சாப்பிடுகிறது, எதற்கு வாடுகிறது என்பது தெரிந்தால் பாட்டிலிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது தானே விளங்கும்.

ராமேஸ்வரம் போகிற வழியில், பாம்பன் பாலத்துக்கு முந்தின ஊர் மண்டபம். வடக்கே பாக் கடல், தெற்கே மன்னார் வளைகுடா. அந்தக் கரையில் பெண்கள் பல தலைமுறையாகக் கடலில் முங்கிப் பாசி எடுத்துவருகிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டைக்கோரை என்று அவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். முதல் இரண்டும் சிவப்பு இனம். அகார் அகார் எடுப்பது அவற்றிலிருந்துதான். கட்டைக்கோரை பழுப்பு இனம். இவை தானாக விளைபவை.

நட்டு வளர்க்கிற பாசி வேறு. அதன் பெயர் கப்பாபைகஸ். பிலிப்பைன்ஸ் பக்கத்துக் கடலைச் சேர்ந்த சிவப்புப் பாசி. மத்திய உப்பு மற்றும் கடல் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 1995இல் மண்டபத்தில் இதை வளர்த்துப் பார்த்தார்கள். 2000ஐ ஒட்டி அந்தத் தொழில்நுட்பத்தைப் பெப்சி நிறுவனம் எடுத்து நடத்தியது. அதனால் கரையோர மக்கள் வாயில் இன்றும் அது "பெப்சிப் பாசி". குளிர்பானத்துக்கும் பாசிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஐஸ்கிரீம், பற்பசை போன்றவற்றைக் கெட்டியாக்கும் காரகீனன் என்கிற கூழ்ப்பொருள் இதிலிருந்து வருகிறது. அதற்காகத்தான் இந்தச் சாகுபடி.

சாகுபடி முறை எளிதுதான். 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை. அதில் 20 கயிறு. ஒவ்வொரு கயிற்றிலும் 150 கிராம் அளவுள்ள துண்டுகளை வரிசையாகக் கட்டுவார்கள். ஒரு மிதவைக்கு 60 கிலோ விதைப்பாசி. ஓரா மீன் வந்து மேய்ந்துவிடாமல் அடியில் வலை. 45 நாளில் 60 கிலோ 250 கிலோ அளவுக்குப் பெருகும். உரம் இல்லை, களை இல்லை, தண்ணீர் பாய்ச்சுகிற வேலையும் இல்லை. கேட்டால் பொறாமையாகத்தான் இருக்கிறது. ஆனால் காயவைத்தால் பத்துக் கிலோ பச்சைப்பாசி ஒரு கிலோ ஆகிவிடும். வடகிழக்குப் பருவக்காற்று கிளம்பினால் பாக் கடலில் வேலையே நின்றுபோகும். அந்தத் துன்பமும் கூடவே உண்டு.

சரி, 45 நாளில் நாலு பங்காகப் பெருகுகிற அளவுக்கு அது எதைச் சாப்பிடுகிறது? நம்ம கொடி சாப்பிடுவதைத்தான். வெயில், தண்ணீர், கரியமில வாயு. இலையில் இருக்கிற பச்சையம் வெயிலைப் பிடித்து, தண்ணீரையும் கரியமில வாயுவையும் சர்க்கரையாக்குகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஒளிச்சேர்க்கை என்பது அதுதான். சிவப்புப் பாசியிலும் பச்சையம் உண்டு. அதை மறைத்துக்கொண்டு மேலே ஒரு சிவப்பு நிறமி இருக்கிறது. பைகோஎரித்ரின் என்று பெயர். பெயர் வாயில் நுழையவில்லை என்றால் விட்டுவிடுங்கள், செந்நிறமி என்றே சொல்லிக்கொள்வோம். நம்ம பன்னீர்த் திராட்சையின் கறுஞ்சிவப்பு இதுவல்ல. அந்தச் சாயம் வேறு, அது சமையல் வேலை செய்யாது.

செந்நிறமி எதற்கு? வெயில் வெள்ளையாகத் தெரிந்தாலும் அதற்குள் வானவில்லின் எல்லா நிறமும் இருக்கிறது. பச்சையம் விரும்பிப் பிடிப்பது சிவப்பையும் நீலத்தையும். நடுவில் இருக்கிற பச்சை நிற ஒளியை அதிகம் தொடாமல் விட்டுவிடும். அதனால்தான் இலை பச்சையாகத் தெரிகிறது. கடலில் என்ன நடக்கிறதென்றால், வெயிலில் இருக்கிற சிவப்பு நிறத்தைத் தண்ணீர் முதலில் குடித்துவிடுகிறது. பத்துப் பதினைந்து மீட்டர் ஆழம் போவதற்குள் சிவப்பு ஒளி பெரும்பாலும் தீர்ந்துபோகும். ஆழத்தில் மிஞ்சுவது நீலமும் பச்சையும். பச்சையம் ஒதுக்கிவிடுகிற அந்தப் பச்சை ஒளியைச் செந்நிறமி பிடிக்கிறது. பிடித்ததைத் தானே வைத்துக்கொள்ளாமல் இன்னொரு நீல நிறமியிடம் கொடுக்கிறது. அது பச்சையத்திடம் சேர்க்கிறது. வீடு தீப்பிடித்தால் ஆட்கள் வரிசையாக நின்று வாளி கைமாற்றுவார்களே, அப்படி.

ஜெர்மானியரான எங்கெல்மான் என்கிற விஞ்ஞானி 1880களிலேயே இதை அழகாகக் காட்டினார். பட்டகத்தால் பிரித்த வானவில் ஒளியைப் பாசியின் மேல் விழச்செய்து, பிராண வாயுவைத் தேடி ஓடுகிற நுண்ணுயிர்களைப் பக்கத்தில் விட்டார். பாசி எந்த நிற ஒளியில் நன்றாகச் சமைக்கிறதோ அங்கே பிராண வாயு வெளிவரும், நுண்ணுயிர்கள் அங்கே போய் மொய்க்கும். பச்சைப் பாசியில் சிவப்பிலும் நீலத்திலும் மொய்த்தன. சிவப்புப் பாசியில் பச்சை ஒளியிலும் மொய்த்தன. அதை வைத்து, ஆழத்துக்குச் சிவப்பு இனம், கரைக்குப் பச்சை இனம் என்று அவர் ஒரு கணக்குப் போட்டார். அந்தக் கணக்கு முழுக்கச் சரிவரவில்லை. ஆழத்தில் பச்சைப் பாசியும் உண்டு, முழங்கால் தண்ணீரில் சிவப்புப் பாசியும் உண்டு. ஆனாலும் 1984இல் பஹாமாஸ் தீவுப் பக்கம் 268 மீட்டர் ஆழத்தில் பாறையோடு பாறையாக ஒட்டி வளர்ந்த பாசியைக் கண்டபோது அது சிவப்பு இனமாகத்தான் இருந்தது. அந்த ஆழத்துக்குப் போகிற வெளிச்சம் மேலே விழுவதில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை.

நமக்கு முக்கியமான விஷயம் இனிமேல்தான். இந்தச் செந்நிறமி கூடும், குறையும். நிழலில் வளர்கிற பாசி நிறமியைக் கூட்டிக்கொண்டு கறுஞ்சிவப்பாக இருக்கும். வெளிச்சம் அதிகமான இடத்தில் நிறமியைக் குறைத்துக்கொண்டு வெளிறி இருக்கும். பந்தலுக்கு அடியில் இருக்கிற இலை கரும்பச்சையாகவும் மேலே வெயில் படுகிற இலை இளம்பச்சையாகவும் இருக்கிறதே, அதே கதை. மிதவையில் கட்டின பாசி நீர்மட்டத்துக்குக் கீழே ஓரிரு அடியில் கிடக்கிறது. அங்கே அதற்கு வெளிச்சம் போதவில்லை என்கிற கவலை கிடையாது. உச்சிவெயிலில் வெளிச்சம் மிஞ்சிப்போவதுதான் தொல்லை.

வெளிச்சம் மிஞ்சினால் நல்லதுதானே என்று நினைக்கலாம். வயல் குடிக்கிற அளவுதான் தண்ணீர் குடிக்கும். அதற்கு மேல் மடையைத் திறந்துவிட்டால் வரப்பு உடையும். பாசியும் அப்படித்தான். பிடித்த ஒளியை எல்லாம் சர்க்கரையாக்க முடியாதபோது, மிஞ்சின சக்தி செல்லுக்குள்ளேயே சேதம் பண்ணும். அதனால் மதியத்தில் ஒளிச்சேர்க்கை மட்டுப்படும். வெயில் தணிந்ததும் சேதத்தைச் சரிபண்ணிக்கொண்டு மறுபடி வேலையைத் தொடங்கும். திராட்சைக்கொடியும் கோடை மதியத்தில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு சும்மா இருக்கிறது. உச்சிவெயிலில் எதையும் தெளிக்க வேண்டாம் என்று நாங்கள் ஓயாமல் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கரியமில வாயு விஷயத்தில் பாசிக்குச் சிரமம் அதிகம். காற்றிலிருந்து எடுப்பது போலக் கடல்நீரிலிருந்து எடுக்க முடியாது. கடலில் அது பெரும்பாலும் நம்ம வீட்டு ஆப்பசோடாவில் இருக்கிற பைகார்பனேட் வடிவத்தில் கரைந்திருக்கிறது. கடல்பாசிகள் பலவும் ஒரு நொதியை வைத்து அதை உடைத்துத்தான் கரியமிலத்தை எடுத்துக்கொள்கின்றன. தண்ணீர் அசையாமல் நின்றால் பாசியைச் சுற்றி இருக்கிற சத்து தீர்ந்துபோய், புதுச் சத்து வந்து சேராது. நீரோட்டம் இல்லாத இடத்தில் மிதவை போட்டால் விளைச்சல் இராது. காற்று நுழையாத பந்தலில் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தழைச்சத்தும் உண்டு. செந்நிறமி என்பது ஒரு புரதம். புரதம் என்றால் தழைச்சத்து. கடல்நீரில் தழைச்சத்து குறைந்தால் பாசி தன் நிறமியையே கரைத்துச் சாப்பிட ஆரம்பிக்கும். நிறம் மங்கி, மஞ்சள் கலந்து வெளிறும். நம்ம பயிரில் அடியிலை மஞ்சளித்துக் குருத்துக்குச் சத்தை அனுப்புகிறதே, அதே குடும்பப் பழக்கம். பாசி வளர்க்கிறவர்கள் நிறத்தைப் பார்த்தே பயிரின் பசியைக் கண்டுபிடிக்கிறார்கள். நம்ம சம்சாரிகள் இலை பார்த்துச் சொல்வது போல.

உப்பின் கதை இன்னொன்று. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. அந்த உப்பில் நம்ம கொடி ஒரு நாள் நிற்காது. பாசி அதற்கென்றே பிறந்தது. உப்பு கூடினால் உள்ளே இனிப்புப் பொருள்களைச் சேர்த்து நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். உப்பு குறைந்தால்தான் அதற்கு ஆபத்து. பெருமழை பெய்து நல்ல தண்ணீர் கடலில் கலந்தால் பாசி தளர்ந்துபோகும். செந்நிறமி தண்ணீரில் கரையக்கூடியது. செல் பழுதானால் நிறம் கசிந்துவிடும். எடுத்த பாசியை நல்ல தண்ணீரில் அலசி வெயிலில் உலர்த்தினால் வெள்ளைவெளேர் என்று ஆவது இதனால்தான்.

இப்போது வெப்பத்துக்கு வருவோம். கப்பாபைகஸுக்குப் பிடித்தது 25 முதல் 30 டிகிரி வரையுள்ள நீர். 33, 35 டிகிரிக்குப் போனால் கிளைகள் இடையிடையே வெள்ளையாகி, பனிக்கட்டி மாதிரி ஆகி, அந்த இடத்தில் ஒடிந்து விழும். பிலிப்பைன்ஸில் இதற்கு "ஐஸ்-ஐஸ்" என்று பெயர் வைத்தார்கள். இது வெறும் கிருமி நோய் அல்ல. உப்பு பாதியாகக் குறைந்தாலும், வெளிச்சம் மிகவும் குறைந்தாலும், சூடு கூடினாலும் கிருமி இல்லாமலே இப்படி வெளுக்கும் என்று 1995இல் வெளியான ஆராய்ச்சியில் காட்டினார்கள். பாசி தளர்ந்த பிறகு கடல்நீரில் எப்போதும் இருக்கிற பாக்டீரியா புகுந்து வேலையை முடிக்கிறது. தளர்ச்சி முன்னால், நோய் பின்னால்.

இது ஏட்டுச் சமாச்சாரம் இல்லீங்க. தமிழ்நாட்டுக் கரையில் 2001இல் உலர்பாசியாக 21 டன் அளவில் தொடங்கின சாகுபடி 2013இல் ஏறத்தாழ 1,490 டன்னுக்கு வளர்ந்திருந்தது. ராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சை, தூத்துக்குடிப் பக்கம் மகளிர் குழுக்கள் மிதவை போட்டு நாலு காசு பார்த்தார்கள். 2013, 2014இல் கடல்நீர் சூடேறி, பாசி கூட்டம் கூட்டமாகச் செத்தது. விளைச்சல் விழுந்தது. அடுத்த நடவுக்குக் கட்ட விதைப்பாசியே இல்லாத நிலை. இந்தச் சாகுபடியில் விதை என்று தனியாக ஒன்று கிடையாது. ஒரே செடியைத் துண்டு துண்டாக வெட்டி வெட்டித் திரும்பத் திரும்பக் கட்டுவதுதான். அதனால் எல்லா மிதவையிலும் கிடப்பது கிட்டத்தட்ட ஒரே செடி. ஒன்றுக்குத் தாங்காத சூடு எதற்கும் தாங்காது. பதியன் போட்டே பெருக்குகிற நம்ம பன்னீர்த் திராட்சைக்கும் இந்த ஆபத்து உண்டு. செவட்டை நோய் ஒரு தோட்டத்தில் இறங்கினால் வரிசையாக எல்லாப் பந்தலிலும் இறங்குவதை ஐப்பசி கார்த்திகையில் பார்க்கிறீர்கள்.

இன்னொரு பக்கமும் சொல்லிவிட வேண்டும். இந்தப் பாசி வெளியூர்ச் சரக்கு. மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவுப் பக்கம் பவளப்பாறை மேல் இது ஏறிப் படர்ந்திருப்பதை 2008இல் விஞ்ஞானிகள் எழுதினார்கள். பவளமும் வெயிலை நம்பி வாழ்கிற உயிர்தான், அதன் மேல் போர்வை போட்டால் செத்துப்போகும். அதற்கு முன்பே 2005இல், இதை எங்கே வளர்க்கலாம், எங்கே கூடாது என்று தமிழ்நாடு அரசு எல்லை வகுத்துவிட்டது. வேகமாக வளர்கிறது என்பதற்காக எதையும் எங்கேயும் கொண்டுபோய் வைக்கக் கூடாது. சீமைக்கருவேலத்தைப் பார்த்த நமக்கு இது புதிதில்லை.

இனி பாட்டிலுக்கு வருகிறேன். பச்சைப்பாசியில் பத்தில் ஒன்பது பங்கு நீர். அறுத்த பாசியை வாடுவதற்குள் அரைத்துப் பிழிந்தால் சாறு தனியாக, சக்கை தனியாக வரும். சக்கை காரகீனனுக்குப் போகிறது. சாற்றைப் பயிருக்குத் தெளிக்கலாம் என்று கண்டுபிடித்து, மண்டபத்தில் கப்பாபைகஸை வளர்த்துப் பார்த்த அதே நிறுவனம் காப்புரிமையும் பெற்றது. அந்தச் சாற்றில் சாம்பல்சத்து, நுண்சத்து, ஆக்சின், சைட்டோகைனின், ஜிப்ரலின் போன்ற வளர்ச்சி ஊக்கிகள், வறட்சியைத் தாங்க உதவுகிற கிளைசின் பீட்டைன் எல்லாம் இருக்கின்றன. மேலே சொன்ன சூடு, உப்பு, வெளிச்சத் தொல்லைகளைச் சமாளித்து வளர்கிற ஒரு செடியின் சாறுதானே.

இதில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். கடையில் கடல்பாசி என்று விற்பதெல்லாம் இந்தச் சிவப்புப் பாசி அல்ல. கனடா, அயர்லாந்துப் பக்கத்துக் குளிர்கடலில் விளைகிற பழுப்புப் பாசியிலிருந்து எடுத்த கறுப்புப் பொடியும், நம்ம கட்டைக்கோரையிலிருந்து எடுத்ததும் விற்கின்றன. அவற்றின் சேர்மானம் வேறு, அளவு வேறு. பக்கத்துத் தோட்டக்காரர் சொன்ன அளவு உங்கள் பாட்டிலுக்குப் பொருந்தாது. 2021இல் மத்திய அரசு இப்படிப்பட்ட உயிரூக்கிகளை உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்தது. எந்தப் பாசி, என்ன அளவு, எந்தப் பயிருக்கு என்பதை லேபிளில் படித்துப் பாருங்கள். லேபிள் இல்லாத கேனில் மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். பில்லைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

இரண்டாவது, இது சோறு அல்ல, ஊறுகாய். கொடி தழை, மணி, சாம்பல் சத்தைக் கிலோக் கணக்கில் கேட்கிறது. இலைமேல் நனைகிற நாலு சொட்டில் அது கிடைக்காது. தொழுவுரத்தையும் அடியுரத்தையும் குறைத்துவிட்டுப் பாசியை நம்பினால் ஏமாந்துபோவீர்கள். செவட்டைக்கும் சாம்பல் நோய்க்கும் இது மருந்து இல்லை. போர்டோ கலவையோடு சேர்த்து ஒரே டாங்கில் ஊற்ற வேண்டாம், தனியாக அடியுங்கள். கூடுதலாக ஊற்றினால் கூடுதல் பலன் என்பதும் இல்லை. பச்சைச் சாற்றில் கடல் உப்பும் இருக்கிறது, அளவு மீறினால் இளந்துளிர் கருகும்.

பந்தல் அடைத்துக்கிடக்கிற தோட்டத்துக்கு முதலில் வேண்டியது பாட்டில் அல்ல, கத்தரிக்கோல். மிதவையில் பாசியை நெருக்கிக் கட்டினால் அடிக்கிளை நிழலில் மெலிந்துபோகும். பந்தலிலும் அப்படியே. அடுத்த போகத்துக்குப் பூங்கொத்து தரவேண்டிய மொட்டு, இந்தப் போகத்தில் வெளிச்சம் பட்டால்தான் கருக்கட்டும். வேண்டாத தளிரை நீக்கி, பந்தலுக்கு அடியில் வெயில் புள்ளி புள்ளியாக விழுகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். இதற்குக் கூலி மட்டும்தான் செலவு.

அப்படியும் அடித்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் தோட்டம் முழுக்க ஒரே நாளில் அடிக்காதீர்கள். ஒரே வயசு, ஒரே மண், ஒரே நாளில் கவாத்துப் பண்ணின கொடிகளில் நாலு வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று விட்டு ஒன்றாக இரண்டு வரிசைக்குப் பாசித் திரவம், மற்ற இரண்டுக்கு அதே அளவு வெறும் தண்ணீர். காலை ஒன்பது மணிக்குள் அல்லது சாயங்காலம் வெயில் தணிந்த பிறகு அடியுங்கள். மற்ற உரம், மருந்து எல்லாம் நாலு வரிசைக்கும் ஒரே மாதிரி. அறுவடையில் கண்ணளவை வேண்டாம், தராசில் நிறுத்து, வரிசைவாரியாக நோட்டில் எழுதுங்கள். அடுத்த போகத்திலும் ஒரு தடவை இதைச் செய்து, இரண்டு தடவையும் பாசி வரிசை முந்தினால், கூடின எடைக்குக் கிடைத்த விலையையும் பாட்டிலுக்கும் கூலிக்கும் கொடுத்த காசையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். ஆனைமலையன்பட்டியில் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போனால் அங்கே உள்ளவர்கள் உட்கார்ந்து பார்த்துச் சொல்வார்கள்.